பேச்சியம்மாளை இரண்டு முறை கொன்றவர்கள்

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் நான் முதலில் செய்த காரியம், பெட்டியைத் திறந்து, போட்டிருந்த சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டதுதான். "சிலோன்தானேய்யா, நம்ம ஊர் மாதிரித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பியவர் என் முதலாளி. அவர் செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போனதில்லை.

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறவன் நான். கடல் கடந்து வாழும் தமிழர்களின் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது முதலாளியின் நெடுநாள் ஆசை. மலாயாக் கதைகள் வந்துவிட்டன. இலங்கையின் தேயிலை மலையிலிருந்து ஒன்றே ஒன்று பாக்கி. கொழும்புப் பத்திரிகையில் வந்த கதிர்வேல் என்பவரின் கதை அவருக்குப் பிடித்துவிட்டது. கொழும்புப் புத்தகக் கடைகளில் எனக்கு வேறு வேலை இருந்ததால், அப்படியே மலைக்கும் ஏறிக் கதையைக் கையோடு வாங்கிவரச் சொன்னார். "ஒண்ணு மட்டும் பார்த்துக்கோ. வில்லங்கம் இல்லாத கதையா இருக்கணும்" என்றார். முன்பு ஒருவர் அடுத்தவர் கதையைத் தன் கதை என்று கொடுத்து, நாங்கள் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியிருக்கிறோம். அந்தச் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

கதிர்வேல் குடையோடு வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பத்து வருஷமாக எழுதுகிறார், புத்தகத்தில் பெயர் வந்ததில்லை. என் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொள்ளாத குறை.

"வாங்கய்யா. குளிருதுங்களா? இதெல்லாம் குளிரே இல்லீங்க, மார்கழியில வந்திருக்கணும் நீங்க!"

கொழும்பில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்து நண்பர்களின் தமிழைப் பாதி புரிந்தும் பாதி தலையாட்டியும் சமாளித்த எனக்கு, இந்தப் பேச்சு காதில் தேன். நான் திருச்சிக்காரன். கடலைத் தாண்டி, மலை ஏறி வந்து பார்த்தால் என் சித்தப்பா வீட்டுப் பேச்சு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. சந்தோஷத்தில் உரக்கப் பேசிவிட்டேன். கதிர்வேல் சுற்றிலும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா பேசுங்கய்யா" என்றார். கடைவீதியில் ஒரு பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகளின் மேல் யாரோ தார் பூசியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தமிழர்களுக்கு எதிரான கலவரம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியும் கடைக்காரர் அதைச் சுரண்டவில்லை. சுரண்டினால் திரும்பவும் பூசுவார்களாம்.

நேரே ஒரு முஸ்லிம் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரரை எல்லாரும் நானா என்று கூப்பிடுகிறார்கள். அண்ணன் என்று அர்த்தம். சுடச்சுடத் தேங்காய் ரொட்டி, சிவப்பாக ஒரு சம்பல். நாக்கில் வைத்ததும் சென்னை ஹோட்டல் சட்னிகள் எல்லாம் மானம் போய் ஓடின. மூன்றாவது ரொட்டியில், இந்த ருசிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "மாசிங்க. மாலத்தீவுக் கருவாடு" என்றார் நானா. ஏழு தலைமுறையாகச் சைவம் எங்கள் குடும்பம். தெரியாமல் தின்றால் தோஷமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கையிலிருந்ததை முடித்தேன். தெரிந்த பிறகு தின்ற பாதி ரொட்டிக்கு என்ன பரிகாரம் என்று இன்னும் யாரையும் கேட்கவில்லை.

அப்போது கதிர்வேல் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் திரும்பாதீங்க. வெள்ளைக் கால்சட்டை போட்டுகிட்டு ஒருத்தர் இருக்காரு பாருங்க. அந்தாளுதான் என் கதையத் திருடினவரு."

திரும்பாதீர்கள் என்றால் திரும்பாமல் இருக்க முடியுமா? கருப்பட்டியைக் கடித்து வெறும் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர் ஒருவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். வில்லங்கம் என்னைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டது.

அவர் பெயர் சோமபால. சிங்களவர். ஸ்டேஷன் சாமான் கொட்டகையில் குமாஸ்தா. அவரும் எழுத்தாளர், அவருக்கும் புத்தகம் இல்லை. இவருக்கு அவர் பாஷை பேச வரும், படிக்க வராது. அவருக்கும் அப்படியே. ஆனாலும் பல வருஷம் இதே கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எழுதப்போகும் கதையை எழுதுவதற்கு முன்பே ஒருவருக்கொருவர் சொல்லுவார்களாம். முதலில் யார் சொல்கிறாரோ கதை அவருக்கு, மற்றவர் அதைத் தொடக்கூடாது. பத்திரம், சாட்சி ஒன்றும் கிடையாது. போன வருஷம் ஒரே சமயத்தில் கதிர்வேலின் கதை தமிழிலும், சோமபாலவின் கதை சிங்களத்திலும் வந்தன. லாரி, மழை, பிள்ளைத்தாய்ச்சி. இரண்டும் ஒரே கதை என்று யாரோ சொல்ல, அன்றோடு பேச்சு நின்றது.

"முந்தி ரெண்டு பேருக்கும் ஒரு பெஞ்சு போதும். இப்ப ஆளுக்கொரு பெஞ்சு" என்றார் நானா. "எனக்குத்தான் எடம் நட்டம்."

"அவர் கதையை நீங்கள் படித்தீர்களா?" என்று கேட்டேன்.

"அதான் சிங்களத்துல இருக்குதுங்களே!" என்றார் கதிர்வேல்.

மறுநாள் காலை கதிர்வேல் ஜவுளிக்கடைக்குப் போனதும், நான் சாமான் கொட்டகைக்குப் போனேன். முதலாளிக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே. சோமபால ஒரு தேயிலைப் பெட்டியைத் துடைத்து என்னை உட்காரவைத்தார். அவருடைய தமிழ் நிதானமானது, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைப்பார்.

"ஐயா, நான் திருடன் இல்ல. அந்தக் கத எனக்கு பியதாச சொன்னது. லாரி ஓட்டுறவர். அவருக்கு நடந்தது. கதிரு எங்க இருந்து எடுத்தது, எனக்குத் தெரியாது."

கதிர்வேலின் கதையை அவர் படித்தாரா என்று கேட்டேன். தமிழில் இருக்கிறதே என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு வருஷமாக, தாங்கள் படிக்காத கதைக்காகச் சண்டை போடுகிற இரண்டு எழுத்தாளர்களை நான் அதுவரை சந்தித்ததில்லை. படித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களைச் சென்னையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இவ்வளவு நல்லவர்கள் அல்லர்.

கடைவீதி வழியாக என்னோடு நடந்துவந்தார். எதிர்ச்சாரியில் நின்ற நாலு வாலிபர்களில் ஒருவன் சிங்களத்தில் ஏதோ கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். சோமபால தலையைத் திருப்பவில்லை. என்ன சொன்னான் என்று கேட்டேன். "'தமிழனுக்குக் குடை பிடிக்கப் போறியா'ன்னு கேக்குறான்" என்றார். சற்று நடந்த பிறகு, "அது என் தம்பி. வீட்டில நல்லாப் பேசுவான். தெருவில பேச மாட்டான்" என்றார்.

கதிர்வேலின் ஜவுளிக்கடை முதலாளியும் சளைத்தவரில்லை. சிங்களவனோடு சேர்ந்தால் நாளைக்கு நம் கடைக்குத்தான் ஆபத்து என்று சொல்லி, அவரை அந்தப் பெஞ்சுக்கே போகாதே என்று தடுத்துப் பார்த்தவர். தோழமைக்கு இரண்டு பக்கமும் இவ்வளவு எதிரிகள் இருக்க, இவர்கள் தாங்களாகவே வேறு பிரிந்துவிட்டார்கள்.

அன்று மாலை நானாவின் கடையில் இருவருக்கும் கேட்கும்படி நான் ஒரு யோசனை சொன்னேன். அந்த லாரியில் போன பெண் உயிரோடு இருக்கிறாளா? இருக்கிறாள், டயகமப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். பெயர் பேச்சியம்மாள். அவளுடைய அண்ணன் ஜவுளிக்கடைக்கு வந்தபோது சொல்லித்தான் கதிர்வேலுக்குக் கதை தெரியும். இரண்டு பேருமே அவளைப் பார்த்ததில்லை. "அப்படியானால் மூன்று பேருமாகப் போய் அவளையே கேட்போம். வில்லங்கம் தீர்ந்தால் கதையை எடுத்துப் போகிறேன். தீராவிட்டால் வெறுங்கையோடு போகிறேன்" என்றேன். கதிர்வேலின் முகம் சுண்டிவிட்டது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பஸ் அவருக்கு நான்.

ஞாயிற்றுக்கிழமை நிஜமான பஸ்ஸில் ஏறினோம். இருவரும் என்னை நடுவில் போட்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கழுத்து வலியே வந்தது. அகரப்பத்தனைக்கு இந்தப் பக்கம் ஒரு ஏற்றத்தில் பஸ் ஆவி கக்கி நின்றது. கண்டக்டர் சிங்களத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். இன்ஜின் ஆறும் வரையில் காத்திருக்க வேண்டும்.

மதகின் மேல் உட்கார்ந்தோம். பனி நகர்ந்துகொண்டிருந்தது. சும்மா இருப்பானேன் என்று, "ஆளுக்கு அவரவர் கதையைச் சொல்லுங்கள். நான் கேட்கிறேன்" என்றேன். பழைய வழக்கம் எங்கே போகும்? கதிர்வேல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கலவர நாட்கள். பஸ் இல்லை. தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிடுகிறது. முட்டைக்கோஸ் ஏற்றிவந்த யாழ்ப்பாணத்து லாரிக்காரர் ஒருவர் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார். ஒரு சந்தியில் மரத்தைக் குறுக்கே போட்டுத் தடிகளோடு ஒரு கும்பல் நிற்கிறது. சத்தம் போட்டால் தமிழச்சி என்று தெரிந்துவிடும். அவள் முந்தானையைப் பல்லில் கடித்து, வலியை விழுங்கி, ஒரு முனகல்கூட இல்லாமல் பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு உயிரை விடுகிறாள். சொல்லும்போது கதிர்வேலுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

சோமபால வெடுக்கென்று திரும்பினார். "யாழ்ப்பாணத்து லாரிக்காரரா? யாரு அது?"

"மொதல்ல அவரு கதைய அவரு சொல்லட்டும்" என்றார் கதிர்வேல், என்னைப் பார்த்து.

சோமபால சொன்னார். அவர் கதையில் கும்பல் இல்லை. மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கிறது. பெண், கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தாள். அவளும் வாய் திறவாத சாது. அவளும் மழையில், லாரியிலேயே, பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறாள்.

கதிர்வேல் எழுந்து நின்றுவிட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர். "எங்க பொம்பளைய உங்க பொம்பளையா ஆக்கிட்டியா? தடியோட நின்னவனுங்க எல்லாம் உன் கதையில மண்ணா சரிஞ்சுட்டானுங்களா?"

"நீ மட்டும்?" சோமபாலவும் எழுந்தார். "பியதாச எங்க? உயிரக் கையில புடிச்சிகிட்டு ஓட்டினது அவரு. சிங்களவன் நல்லது செஞ்சா உனக்கு எழுதக் கை வராதா?"

"பத்திரிகைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? இந்த நேரத்துல சிங்கள டிரைவர நல்லவனாக் காட்டினா வாசகருங்க திட்டுவாங்கன்னான்!"

"எனக்கும் அதுதான் சொன்னது. தமிழ்ப் பொம்பள கதாநாயகியா இருந்தா போட ஏலாது, கும்பல எழுதினா போடவே ஏலாது."

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். பஸ்ஸில் வந்த கிழவர் ஒருவர் வெற்றிலையை மென்றபடி ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டேன்: "சரி, எழுதுவதற்கு முன்னால் ஏன் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை? அதுதானே உங்கள் வழக்கம்?"

கதிர்வேல், "எப்புடிய்யா சொல்றது? இவரு ஆளுங்க தடியோட நின்னாங்கன்னு இவருகிட்டயே உக்காந்து எப்புடிச் சொல்றது? மனசு கஷ்டப்படுவாருல்ல" என்றார். சோமபால செருப்பைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு வெக்கம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டு பேர் மீதும் எனக்குச் சொல்ல முடியாத பிரியம் வந்தது. வாயைத் திறந்து அதைச் சொல்லியிருப்பேன். அதற்குள் கண்டக்டர் பஸ்ஸைத் தள்ளச் சொல்லிக் கத்தினார். கதிர்வேல் இடது மூலைக்கும் சோமபால வலது மூலைக்கும் போய்த் தள்ளினார்கள். நான் நடுவில் தள்ளுவதாகப் பேர் பண்ணினேன்.

லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். பேச்சியம்மாள் தன் வாசலில் ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். நல்ல தாட்டியான பெண். மூக்குத்தி, பெரிய குங்குமப் பொட்டு, பெரிய குரல். பக்கத்தில் ஐந்து வயதுப் பெண் ஒன்று கோழியை விரட்டிக்கொண்டிருந்தது. லாரியில் பிறந்தது அதுதான். பெயர் குமாரி.

"மெட்ராஸிலேருந்தா? என்னையப் பாக்கவா?" என்று சிரித்தாள். கேட்காமலே ரொட்டி தட்ட ஆரம்பித்தாள். நான் சம்பலில் மாசி உண்டா என்று கேட்கவில்லை.

கதிர்வேல் விஷயத்தைச் சொன்னார். தன்னை வைத்து இரண்டு கதை வந்திருக்கிறது என்றதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டாள்.

"எப்புடிண்ணே முடியுது கதை?"

கதிர்வேல் சோமபாலவைப் பார்த்தார். சோமபால என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நான் சொன்னேன்: "நீங்கள் இறந்துவிடுகிறீர்கள் அம்மா."

"எந்தக் கதையில?"

"இரண்டிலும்."

அவள் கையில் மாவோடு அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட பாவிங்களா! தமிழ்லயும் கொன்னு, சிங்களத்துலயும் கொன்னுட்டீங்களா? நான் அன்னைக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு பேரு சோத்தத் தின்னேன். நர்சம்மாவக் கேட்டுப் பாருங்க!"

"வலியப் பொறுத்துகிட்டு சத்தமே போடாம வந்தீங்களே, அத உருக்கமா எழுதியிருக்கேன்" என்றார் கதிர்வேல், பரிதாபமாக.

"சத்தம் போடாமயா? நானா?" அவள் உட்கார்ந்துகொண்டாள். "அண்ணே, கேளுங்க. எங்கண்ணன்தான் ரோட்டுல படுத்து லாரிய நிப்பாட்டினாரு. தமிழ் ஆம்பள ஏறினா எல்லாரும் செத்தோம், பொம்பள மட்டும் ஏறட்டும்னு பியதாச அண்ணன் சிங்களத்துல சொன்னாரு. எங்கண்ணன் என் பொட்ட அழிச்சு, மூக்குத்தியக் கழட்டி வாங்கிகிட்டு, அழுதுகிட்டே ஏத்தி விட்டாரு. அந்த மனுசன் ஓட்டின ஓட்டு இருக்கே! ஒவ்வொரு குழியிலயும் எறக்குறாரு. மெதுவாப் போய்யான்னா தமிழ் வெளங்கல. நான் கிராமத்துச் சிங்களப் புள்ளைகளோட, தண்ணி புடிக்கிற பீலியில சண்ட போட்டு வளந்தவ. ஏச்சு மட்டும் எனக்குச் சிங்களத்துலதான் நல்லா வரும். ஆரம்பிச்சேன் பாருங்க. அவரு அப்பன், ஆத்தா, அவரு லாரி, லாரிக்குச் சக்கரம் பூட்டினவன், ஒருத்தரையும் வுடல."

"சந்தியில?" என்றார் சோமபால, மெல்ல.

"தடியோட நின்னானுங்க. ஒருத்தன் உள்ள எட்டிப் பாத்தான். பயந்தான் எனக்கு. ஆனா வலி வாய நிப்பாட்ட வுடணுமே! அவனையும் சேத்து ஏசினேன். அவன் பியதாச அண்ணனப் பாத்து, 'ஐயோ பாவம், இவகூட எப்புடித்தான் குடும்பம் நடத்துறியோ, சீக்கிரம் போ'ன்னு சொல்லிட்டு மரத்த ஓரமா இழுத்துப் போட்டான். புருசன் பொஞ்சாதின்னு நெனச்சிட்டானுங்க!"

சோமபால வாயைப் பிளந்தார். "பியதாச இத எனக்கு சொல்லல்லியே!"

"பொம்பளகிட்ட வழி நெடுக ஏச்சு வாங்கினத எந்த ஆம்பள வெளிய சொல்லுவான் மாத்தயா?" என்றாள். சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா.

என்னதான் ஏசினீர்கள் என்று நான் ஆசையோடு கேட்டேன். முதலில் மாட்டேன் என்றவள், பிள்ளையைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு இரண்டு வரி எடுத்துவிட்டாள். சோமபாலவுக்குக் காது வரை சிவந்தது. கதிர்வேல் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோமபாலவின் தோளில் சாய்ந்துவிட்டார். சாய்ந்தது தெரிந்து விலகப் பார்த்தார். சோமபால விடவில்லை. அர்த்தம் என்ன என்று கேட்டேன். இருவரும் ஒரே குரலில், சொல்ல முடியாது என்றார்கள்.

கிளம்பும்போது அவள் சிரிக்கவில்லை. "எழுதுங்க, வேணாங்கல. ஆனா என்னையக் கொல்லாதீங்கண்ணே. என்னைய வேற ஊருப் பொம்பளையாவும் ஆக்காதீங்க மாத்தயா. பியதாச அண்ணன் பேரையும் மாத்தக் கூடாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பூசணிக்காயத் தூக்கிகிட்டு வந்து நிப்பாரு. நான் அவரு மூஞ்சியில முழிக்கணும்."

திரும்பும்போது பஸ் நிற்கவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்கு இருவரும் வந்தார்கள். கதிர்வேலின் கதை என் பெட்டியில் பத்திரமாக இருந்தது. "வில்லங்கம் தீர்ந்தது. ஆளுக்கொரு வாய் மூலமாக வந்த கதை, யாரும் யாரையும் திருடவில்லை. முதலாளியிடம் தைரியமாகச் சொல்வேன். உங்கள் பெயர் புத்தகத்தில் வரும்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அது நல்ல கதை. இப்போதும் சொல்கிறேன், படித்தால் அழுகை வரும்.

கதிர்வேல் கையை நீட்டினார். "குடுங்கய்யா அத."

"எதற்கு?"

"செத்தவ கதைய அனுப்பிட்டு, உசுரோட இருக்கிறவ தட்டின ரொட்டி எப்புடிங்க செரிக்கும்? திருப்பி எழுதணும்."

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பத்து வருஷ ஆசையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "சிங்கள டிரைவரு காப்பாத்தினாரு, தமிழ்ப் பொம்பள சிங்களத்துல கெட்ட வார்த்த பேசித் தப்பிச்சான்னு எழுதினா, உங்க மொதலாளி போடுவாருங்களா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "போட மாட்டார், கதிர்வேல்" என்றேன்.

அவர் சோமபாலவின் பக்கம் திரும்பினார். "உங்க பேப்பரு?"

"போடவே போடாது" என்றார் சோமபால.

"நெசமாவா?"

"சத்தியமா."

"அப்பாடா!" என்றார் கதிர்வேல். "அப்ப சரி. ரெண்டு பேரும் சமம்."

முதலாளியிடம் வாங்கப்போகும் வசவு அந்த நேரத்தில் ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. ரயில் நகர்ந்தது. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். இருவருமே பார்க்கவில்லை. சோமபால கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். கதிர்வேல் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "அங்கேருந்து இல்ல சோமே, அண்ணன்காரன் பொட்ட அழிக்கிறான் பாரு, அங்கேருந்து ஆரம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.